இல்லாத பிள்ளைக்கு நாலு மாசம்

பவானேஸ்வரிக்கு மூத்திரம் வரவில்லை. இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை. நாசூக்குப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் அந்தக் கதிக்கு வந்து சேர்ந்தாள். ஒரு திங்கட்கிழமை காலையில், புக்கிட் காத்தில் என்கிற ஊரில், தன் வீட்டுக் குளியலறையில், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அடிவயிறு கல்லாக இறுகிப் போயிருந்தது, ஒரு சொட்டு இறங்கவில்லை. மாமனார் காளிமுத்து கதவுக்கு வெளியே இரண்டு தடவை செருமிவிட்டுப் போனார். அவரிடம் போய் என்னவென்று சொல்வது? புருஷன் திலீப் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். அன்றைக்கு ஜொகூரில் இருந்தான். மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. வீட்டில் வேறு பெண்பிள்ளை கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உடுத்திக்கொண்டாள். "கிளினிக் போய்ட்டு வந்துர்றேன் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிராப் டாக்சி கூப்பிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ரப்பர் குழாய் வைத்து ஒன்றரை லிட்டர் இறக்கினார்கள். அந்த நிம்மதியில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். நிம்மதி அத்தோடு போயிற்று.

ஒரு வருஷமாகவே உடம்பு சரியில்லைதான். ஐந்து நாளில் நிற்க வேண்டிய மாதவிலக்கு பத்து நாளானது, பதினைந்து நாளானது. அலோர் காஜாவில் ஒரு லாரி ஒர்க்ஷாப்பில் அவள் கணக்கெழுதும் கிராணி. நாற்காலியில் துண்டு மடித்துப் போட்டுக்கொண்டுதான் கணினி முன்னால் உட்கார்வாள். உடம்புச் சூடு என்று தனக்குத்தானே வைத்தியம் சொல்லிக்கொண்டு பார்லித் தண்ணீர் குடித்தாள். முப்பத்தாறு வயதுப் பெண், படித்தவள், பார்லித் தண்ணீர். என்னத்தைச் சொல்வது.

டாக்டர் நோர்லேலாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒளித்து மறைத்துப் பேசத் தெரியாத மலாய்க்காரப் பெண். ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் படம் வரைந்தார். இது கர்ப்பப்பை, இது அதன் கழுத்து. அந்தக் கழுத்தில் எட்டு சென்டிமீட்டரில் ஒரு கட்டி. புற்று இல்லை, பயப்பட வேண்டாம், சாதாரணச் சதைக்கட்டிதான். உட்கார்ந்த இடம்தான் சரியில்லை. பெரும்பாலும் இது கர்ப்பப்பையின் உடம்பில் வரும். உனக்குக் கழுத்தில் வந்திருக்கிறது. முன்னால் மூத்திரப்பை, பக்கவாட்டில் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய்கள். வளர்ந்து வளர்ந்து பையின் வாயை அமுக்கிவிட்டது என்றார்.

என்ன செய்யலாம் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். சிலருக்கு விட்டுவைத்துப் பார்ப்போம். உனக்கு மூத்திரமே அடைத்துவிட்டதால் அது முடியாது. மாத்திரை போட்டால் ரத்தப்போக்கு குறையும், கட்டி அப்படியே இருக்கும். தொடை வழியாகக் குழாய் விட்டு, கட்டிக்குப் போகிற ரத்தத்தை அடைக்கிற வைத்தியம் ஒன்று கோலாலம்பூரில் இருக்கிறது. பிள்ளை வேண்டும் என்கிறவர்களுக்கு அதை நாங்கள் சொல்வதில்லை. கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் கட்டி திரும்ப வராது, ஆனால் பிள்ளையும் வராது. மிச்சமிருப்பது ஒன்றுதான், கட்டியை மட்டும் எடுப்பது. அதற்கு முன்னால் மாதம் ஒன்றாக மூன்று ஊசி. ஊசி போட்டால் மாதவிலக்கு நின்றுவிடும், கட்டி சுருங்கும், உடம்பில் ரத்தம் ஊறும். ஊசியின் வேகம் தீர்ந்தால் எல்லாம் பழையபடி திரும்பி வரும். ஆகவே சொன்ன தேதியில் வந்து படுத்துவிட வேண்டும்.

பிள்ளை பிறக்குமா என்று பவானி கேட்டாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம்; அவளுக்குக் கேட்க இருந்தது அது ஒன்றுதான். கழுத்து பலவீனமாகலாம், உத்தரவாதம் கிடையாது, ஆனாலும் இப்படி ஆபரேஷன் செய்துகொண்டு பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்றார் டாக்டர். அப்புறம் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். மேசையில் ரத்தம் நிற்காமல் போனால், கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து. உன் கையெழுத்தே போதும், இருந்தாலும் வீட்டுக்காரரிடம் பேசிவிடு.

பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்ற அந்த ஒன்றை மட்டும் அவள் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். மற்றதையெல்லாம் ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டாள். திலீப்பிடம் போனில், சின்னக் கட்டி, ஊசி போடுகிறார்கள், கரைந்துவிடும் என்றாள். புள்ளைக்கான ஊசியா என்று அவன் கேட்டான். "அதுக்குந்தான்" என்றாள். அதில் பொய் இல்லைதான். பொய் இல்லாத இடத்திலிருந்து பொய்க்கு எத்தனை தூரம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

இனி அந்த வீட்டு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கூடத்துச் சாமி மேடையில் காலையும் மாலையும் விளக்கேற்றுவது பவானியின் வேலை. தூரமான நாட்களில் மேடைப் பக்கம் போகமாட்டாள். "மாமா, விளக்கு நீங்க ஏத்திருங்க" என்பாள். அவர் "சரிம்மா" என்பார். அந்த விஷயத்தில் மாமியார் போன பிறகு ஆறு வருஷமாக மாமனாருக்கும் மருமகளுக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். அவர் எஸ்டேட்டில் நாற்பது வருஷம் உழைத்த மனிதர். முதலில் ரப்பர், பிறகு செம்பனை. நாள் எண்ணத் தெரிந்தவர். போன வருஷம் முழுக்க மாதத்தில் பாதி நாள் அவர்தான் விளக்கேற்றினார். ஏன் என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்?

முதல் ஊசிக்குப் பிறகு மூன்று நாள் அவர் ஏற்றினார். அடுத்த மாதம் ஒருநாள்கூட இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. மருமகளுக்கு இருந்தாற்போல் முகம் வேர்க்கிறது, சமைத்துக்கொண்டிருந்தவள் ஓடிப்போய் விசிறியடியில் நிற்கிறாள். அது ஊசி செய்கிற வேலை. அடிவயிறு லேசாக மேடிட்டிருக்கிறது. அது கட்டி. பெரியவருக்கு ஊசியும் தெரியாது, கட்டியும் தெரியாது. கூட்டிக் கழித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள்.

அவர் வாய் திறக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடலோரத்து உம்பாய் வரை போய் உயிர்மீன் வாங்கிவந்தார். கேஸ் தோங்கை, அந்தக் கனத்த சிலிண்டரை, தானே உருட்டி மாற்றினார். ஈரமான இடத்திலெல்லாம் சாக்கை விரித்தார். என்ன ஆயிற்று இந்த மனிதருக்கு என்று பவானி நினைத்தாள். பக்கத்து வீட்டு மங்களம் அக்கா ஒருநாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

"ஏண்டி, எங்கிட்டகூட சொல்லலியே? ஒம் மாமா மொகத்தப் பாத்து நானாத்தான் தெரிஞ்சிக்கிட்டேன்லா."

அந்த இடத்திலேயே இல்லை என்றிருக்கலாம். அக்கா, அது வேறக்கா, இப்படி ஒரு கட்டி என்று இரண்டு வார்த்தை. பவானி வாயைத் திறந்தாள். ஆனால் மங்களம் அக்காவின் கை வேலியைத் தாண்டி வந்து அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டது. ஒன்பது வருஷமாக விசேஷ வீடுகளில் ஓரத்தில் நின்றவள். தொட்டில் போடுகிற வீடுகளில் சமையலறையிலேயே வேலையைத் தேடிக்கொண்டவள். அந்தத் தொடுகை அவளுக்கு வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒருநாள் போகட்டும், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

நாளைக்கு வருவதற்குள் காளிமுத்து மகனுக்குப் போன் போட்டுவிட்டார். திலீப் லாரியை ஓரங்கட்டிவிட்டு அவளைக் கூப்பிட்டான். அவன் அழுவதை அவள் அதுவரை கேட்டதில்லை. "ஊசி வேல செஞ்சிருச்சா பவா? நெஜமா?" என்றான். அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். அவன் மறுபடி கேட்டான்.

"உம்" என்றாள்.

அந்த "உம்"மைத் திருப்பி வாங்க அவள் பட்ட பாட்டை எழுதினால் ஒரு புத்தகம் போதாது. ஸ்கேன் படத்தை அனுப்பு என்று திலீப் நச்சரித்தான். இல்லை என்றாள், பிறகு என்றாள், வெள்ளிக்கிழமை என்றாள். கடைசியில், ஆஸ்பத்திரியில் கோப்பிலிருந்து கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த கட்டியின் படத்தை அவனுக்கு அனுப்பினாள். கறுப்புக்கு நடுவே சாம்பல் நிறத்தில் உருண்டையாக ஒன்று. அவன் அதைத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டான். லாரிப் பட்டறையில் கூட்டாளிகளுக்கெல்லாம் காட்டினானாம். அதைக் கேட்ட அன்று குளியலறைக்குப் போய் வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது ஊசியும் போட்டாயிற்று. கட்டி சுருங்கி ஐந்தரை சென்டிமீட்டருக்கு வந்திருந்தது. டாக்டருக்குச் சந்தோஷம். இப்போது எடுத்தால் கர்ப்பப்பையைக் காப்பாற்றிவிடலாம் என்றே நினைக்கிறேன் என்று சொல்லி, மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள் என்று ஊரே நம்புகிற நேரத்தில் அது வந்து சேர்ந்தது. கட்டியை எடுத்தால்தான் பிள்ளை வரும். கட்டியை எடுக்கப் போனால் பிள்ளை இல்லை என்று தெரிந்துவிடும். இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் குளம்.

ஒரே ஒரு வழி அவளுக்குப் பட்டது. கலைந்துவிட்டது என்று சொல்லிவிடுவது. சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிக்கும் காரணம் கிடைத்துவிடும். ஆனால் இல்லாத பிள்ளையை எந்தக் கிழமையில் சாகடிப்பது? ஆபரேஷன் வாரத்துத் திங்கட்கிழமை சொல்லலாம் என்றிருந்தாள். அன்றைக்கு மாமனார் மகிழ்ச்சியில் கோயிலுக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கி வந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை திலீப் வீட்டுக்கு வந்தான்; அவள் வயிற்றில் கை வைத்தபடியே தூங்கிப் போனான். ஆபரேஷன் குறித்திருந்த புதன்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, காய்ச்சல், வர முடியவில்லை என்றாள். போனை எடுத்த நர்ஸ் மிஸி மலாயில் சத்தம் போட்டாள். அடுத்த இடம் ஆறு வாரம் கழித்துத்தான் இருக்கிறது, அதற்குள் ஊசி மருந்து தீர்ந்துவிடும், ரத்தம் திரும்பிவிடும், உனக்குத்தான் கெடுதல் என்றாள். தெரியும் என்றாள் பவானி. தெரிந்து செய்கிறவர்களை யார் என்ன செய்ய முடியும்?

ஐந்து வாரம் தள்ளிக்கொண்டு போனாள். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் போடுகிற சிவப்புப் புத்தகம் போட்டாயிற்றா என்று திலீப் கேட்டால், போட்டாச்சு, ஒர்க்ஷாப்பில் இருக்கிறது என்பாள். மங்களம் அக்கா எட்டிப் பார்த்தால் வாந்தி வருவதுபோல் உள்ளே போய்விடுவாள். மூத்திரம் மறுபடியும் தயங்கித் தயங்கி இறங்க ஆரம்பித்தது. கட்டி வளர்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. சாமி மேடைக்கு முன்னால் நின்றால் கையெடுத்துக் கும்பிட வரவில்லை. எதைக் கேட்பது? இருக்கிறது என்று சொன்னதை இல்லாமலாக்கு என்றா, இல்லாததை இருக்கும்படி ஆக்கு என்றா? பேசாமல் திரியைத் தூண்டிவிட்டு வந்துவிடுவாள்.

ஆறாவது வாரம் சனிக்கிழமை மத்தியானம் அது வந்தது. திலீப் வீட்டில் இருந்தான். சோறு போட எழுந்தவளுக்குத் தொடையில் சூடாக என்னவோ இறங்கியது. குனிந்து பார்ப்பதற்குள் தரை சிவந்துவிட்டது. சட்டியைக் கீழே வைக்க வேண்டும் என்று நினைத்தாள்; வைத்தாளா போட்டாளா என்று தெரியவில்லை. திலீப் அவளைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் கிடத்தினான். காளிமுத்து அவள் கால்மாட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தூக்கித் தன் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒன்பது வருஷமாகத் தண்ணீர்ச் செம்பைக்கூட அவள் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போகிற மனிதர். அவர் வேட்டியெல்லாம் ரத்தம். முருகா, புள்ளையக் காப்பாத்து, புள்ளையக் காப்பாத்து என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பவானி கண்ணை மூடிக்கொண்டாள். வழியிலேயே உயிர் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அது ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த நாசூக்கான வழி.

எமர்ஜென்சியில் ஓர் இளம் டாக்டர் ஓடிவந்தான். மெங்காண்டுங்கா, கர்ப்பமா, எத்தனை மாசம் என்று மலாயில் கேட்டான். திலீப் முந்திக்கொண்டு நாலு மாசம் என்றான். போனை எடுத்து முகப்புப் படத்தை டாக்டரிடம் காட்டினான். இதுதான் பிள்ளை, ஸ்கேன் எடுத்திருக்கிறோம், எப்படியாவது காப்பாற்றுங்கள் என்றான்.

பிள்ளை இருக்கிறது என்று நினைத்தால் ஒரு வைத்தியம், இல்லையென்றால் வேறு வைத்தியம். இது பவானிக்குத் தெரியும். இனி பேசாமலிருந்தால் சாவுதான். வழியெல்லாம் சாவை வேண்டிக்கொண்டு வந்தவள்தான். ஆனால் அந்தப் போனைப் பார்த்ததும் தாங்க முடியவில்லை.

"தாக்" என்றாள். "தாக் மெங்காண்டுங். ஃபைப்ராய்ட்."

கர்ப்பமில்லை, கட்டி. மலாய் அங்கே யாருக்குத்தான் தெரியாது? திலீப்புக்குத் தெரியும். திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்ற காளிமுத்துவுக்கும் தெரியும். இளம் டாக்டர் போனை வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஓரத்திலிருந்த பொடி எழுத்தைப் படித்தான். ஆமாம், இது கட்டிதான், இதில் பிள்ளை இல்லை என்று சொல்லிப் போனைத் திலீப்பிடம் திருப்பிக் கொடுத்தான். அவன் மேல் தப்பில்லை. அவன் பார்த்ததைச் சொன்னான்.

அதன்பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்த அளவு ஐந்துக்கு இறங்கிவிட்டது என்றார்கள். இரண்டு கையிலும் ஊசி குத்தி ரத்தப் பை தொங்கவிட்டார்கள். டாக்டர் நோர்லேலா வந்து குனிந்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அது அவர் முகத்தில் இருந்தது. கட்டி மறுபடி ஊதிவிட்டது, கட்டியை மட்டும் எடுக்கத்தான் பார்ப்பேன், இந்த உடம்பில் அது நடக்குமென்று சொல்ல முடியாது என்றார். பவானி பேனாவைக் கேட்டு வாங்கினாள். அவள் பெயரின் பாதி கோட்டுக்கு வெளியே போயிற்று.

திலீப் அப்போதுதான் வாயைத் திறந்தான். அவளைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்து, நான் சம்மதிக்காவிட்டால் என்று கேட்டான். உங்கள் மனைவி கையெழுத்துப் போட்டாயிற்று, அது போதும் என்றார் டாக்டர். அவன் தலையை ஆட்டினான். ஏதோ கடையில் சரக்கு இல்லை என்று சொன்னதுபோல் ஆட்டிவிட்டு, திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். பவா என்று கூப்பிட்டிருக்கலாம். அடித்திருக்கலாம். அடித்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் கண் விழித்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையாகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் காளிமுத்து உட்கார்ந்திருந்தார். வேட்டி மாற்றியிருந்தார். அவள் விழித்ததைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஏதோ ஒரு வேலையை முடித்துவிட வேண்டும் என்று இரவெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டவர்போல் நின்றார்.

"எடுத்துட்டாங்கம்மா" என்றார். எதை என்று அவள் கேட்கும்படி வைக்கவில்லை, தானே சொன்னார். "கர்ப்பப்பைய. ரத்தம் நிக்கலயாம். டாக்டரம்மா எங்கிட்டத்தான் வந்து சொன்னாங்க."

எழுபத்தொரு வயதில், ஒரு பெண்ணின் முகத்துக்கு நேராக அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். திலீப் எங்கே என்று அவள் கேட்டாள். லாரி எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றார். திரும்பி வருவாரா என்றாள்.

"தெரியலம்மா."

வருவான், எங்கே போய்விடுவான் என்று சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர் சொல்லவில்லை. அந்த வீட்டில் இனி ஒரு பொய்க்கு இடமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"மொத தேதிக்கே போயிருந்தா இருந்திருக்கும் மாமா" என்றாள் பவானி. "டாக்டர் சொன்னாங்க. நாந்தான் போகல."

அவர் நாற்காலியைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நானும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். "என்னம்மா, நல்ல சேதியா, இல்ல ஒடம்புக்கு ஏதும் முடியலயான்னு. எப்படிக் கேக்கறதுன்னு கூச்சப்பட்டுக்கிட்டு இருந்துட்டேன். நானாவே நெனச்சிக்கிட்டு, நானாவே ஊரெல்லாம் சொல்லி, பேரு வேற வச்சிட்டேன். புத்தி கெட்ட மனுசன்."

"என்ன பேரு?"

"இப்ப எதுக்கும்மா அது?"

"சொல்லுங்க மாமா."

அவர் வார்டைச் சுற்றிப் பார்த்தார். எதிர்க்கட்டிலில் யாரோ ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மிஸி ஒருத்தி தள்ளுவண்டியோடு போனாள்.

"ஷாமினி" என்றார். "பொண்ணுன்னுதான் மனசுல பட்டுச்சு."

அவள் வயிற்றில் அந்தப் பிள்ளை ஒருநாளும் இருந்ததில்லை. அது அவளுக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஆனாலும் ஷாமினி என்று ஒரு தடவை மெதுவாகச் சொன்னாள். சொன்ன பிறகு தாங்கவில்லை. தையல் போட்ட வயிறு வலிக்க வலிக்க அழுதாள். அழாதே என்று காளிமுத்து சொல்லவில்லை, அவரும் அழுதுகொண்டிருந்தார்.